கொக்கியும் மூன்று புள்ளியும்

ஐப்பசி 4

நான் சந்தைக்குப் போய்த் திரும்புவதற்குள் என் வீட்டுக் கதவில் முத்திரை அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கண் உயரத்தில், கறுப்பு எண்ணெய்ச் சாயத்தில் ஒரு கொக்கி. அதன் கீழே மூன்று புள்ளி. மழை ஈரத்தில் சாயம் காயக்கூட இல்லை.

எனக்குச் சின்னங்கள் புதிதில்லை. இந்த நாவல்திட்டில் எல்லா அலுவலகச் சீருடைக்கும் சின்னம் தைத்துக் கொடுப்பவள் நான்தான். ஓடத்துறைக்குத் துடுப்பு, தண்ணீர் அலுவலகத்துக்குக் குடம், பள்ளிக்கூடத்துக்கு விளக்கு, கிடங்குக்குச் சாவி. பதினெட்டு வருஷமாகத் தைக்கிறேன். கதவு முத்திரைகளிலும் பாதிக்கு மேல் தெரியும். பானை என்றால் அந்த வீட்டில் பிரசவம், சத்தம் போடாதே. முறிந்த கோல் என்றால் வீட்டுத் தலைவர் இல்லை, ஒத்தாசை செய். இந்தக் கொக்கியை மட்டும் நான் எங்கேயும் பார்த்ததில்லை.

யாரிடமும் கேட்கவும் முடியாது. முத்திரை மன்றத்தின் சட்டம் அப்படி. ஒரு வீட்டுக்கு முத்திரை விழுந்தால், அதன் பொருளை எழுதிய சீட்டு தெருவில் மற்ற எல்லா வீட்டுக்கும் போகும். அந்த வீட்டுக்கு மட்டும் போகாது. படித்ததும் சீட்டை அடுப்பில் போட்டுவிட வேண்டும். முத்திரை விழுந்தவரிடம் பொருளைச் சொன்னால், சொன்னவர் கதவிலும் ஒன்று விழும். பொருள் தெரிந்தால் மனிதர்கள் அதற்குத் தகுந்தாற்போல் நடிப்பார்களாம். அடுத்தவர் வீட்டைப் பற்றிச் சீட்டு வந்தபோதெல்லாம் எனக்கும் அது நல்ல ஏற்பாடாகத்தான் தெரிந்தது.

இவர் ஓடத்துறையில் கயிறு பிடித்துவிட்டு வந்தார். கதவைப் பார்த்தார். "ஏதோ போட்டிருக்காங்க, விடு. சோத்தைப் போடு" என்றார். தலையில் இடி விழுந்தாலும் இந்த மனுஷருக்கு முதலில் சோறு.

இன்னும் பதினாறு நாளில் தமயந்தியைப் பெண் பார்க்க மேலக்கரையிலிருந்து வருகிறார்கள். என் பெண்ணுக்கு இருபத்தாறு முடியப் போகிறது. ஆனியில் ஒரு இடம் தட்டிப் போயிற்று. இதுவும் போனால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வேன்?

ஐப்பசி 5

மீன்காரி வஞ்சிரத்தின் நடுத்துண்டை எடுத்து வைத்தாள். நான் கேட்டதோ வால் துண்டு. "இருக்கட்டும்க்கா, நீங்க சாப்பிடுங்க" என்றாள். எட்டு வருஷமாகச் செதில்கூடச் சும்மா கொடுக்காதவள்.

வீட்டுக்கு வந்து மோந்து பார்த்தேன். நல்ல மீன்தான்.

ஐப்பசி 7

பக்கத்து வீட்டு அஞ்சுகத்தின் வேலை இது என்றே நினைக்கிறேன். எங்களுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு இடுப்புயரச் சுவர்தான். அவள் கதவில் ஆவணியிலிருந்து வாய்க்கட்டு முத்திரை இருக்கிறது. ஒரு வட்டம், குறுக்கே ஒரு கோடு. அந்த வீட்டார் சொல் மன்றத்தில் ஏறாது. தெருவில் யாரும் அவர்களோடு பேசக் கூடாது. அவள் புருஷன் மாசிலாமணி புத்தகம் தைக்கிறவர். தனியாக முத்திரை வரைந்தார் என்று பிடித்து, ஒரு வருஷத்துக்கு உப்பளத்துக்கு அனுப்பிவிட்டார்கள். முத்திரை வரையும் உரிமை மன்றத்துக்கு மட்டும்தான். அதைவிடப் பெரிய குற்றம் இங்கே கிடையாது.

அந்த ஆத்திரத்தில் என்னைப் பற்றி எதையாவது மாட்டிவிட்டிருப்பாள். ஆனால் அவள் சொல்தான் ஏறாதே? அப்படியென்றால் வேறு யாரையாவது தூண்டிவிட்டிருப்பாள். வாய் கட்டினாலும் கண் ஜாடை இருக்கிறதே.

மூன்று மாதமாக நானும் அவளோடு பேசவில்லை. சட்டத்தை மதிக்கிறேன்.

ஐப்பசி 8

கிடங்குச் சட்டைகள் பன்னிரண்டு முடிந்தன. நூல் தீர்ந்துவிட்டது. எலி மறுபடியும் வந்திருக்கிறது.

ஐப்பசி 11

மளிகைக் கடையில் எனக்கு முன்னால் நின்ற நாலு பேர் ஒதுங்கி வழிவிட்டார்கள். கடைக்காரர் துணியால் முக்காலியைத் துடைத்து உட்காரச் சொன்னார். நான் வந்தபோது கலகலவென்று பேசிக்கொண்டிருந்தவர்கள், நான் உட்கார்ந்ததும் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். மழை, மழை, மழை. அரை மணி நேரம் மழையைப் பற்றிப் பேச அதில் என்ன இருக்கிறது?

வீட்டுக்கு வரும் வழியில் சுரீரென்று உறைத்தது. இது நோய் முத்திரை. சாகப் போகிறவளுக்குத்தானே இவ்வளவு மரியாதை? கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தேன். இமையைப் பிதுக்கிப் பார்த்தேன். பிறகு இவராக இருக்குமோ என்று பயந்து, தூங்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சில் காதை வைத்தேன். "என்னடி பண்ற?" என்று எழுந்துவிட்டார்.

இருவரும் வைத்தியரிடம் போனோம். அவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றே நாடி பார்த்தார். "ஒண்ணும் இல்லம்மா, கல்லு மாதிரி இருக்கீங்க ரெண்டு பேரும்" என்றார். கேட்காமலே இருமல் மருந்து ஒரு புட்டி கொடுத்தார். யாருக்கும் இருமல் இல்லை.

ஐப்பசி 13

இதை எழுதாமலே விட்டுவிடலாம். ஆனால் என் நோட்டில் நான் எழுதுவதற்கு யாரைக் கேட்க வேண்டும்?

மன்றத்துக்கு நான் போனது ஒரே ஒரு தடவைதான், ஆவணியில். மாசிலாமணி பின்கட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் என்னவோ செய்துகொண்டிருந்தார். துணி உலர்த்தப் போன நான் சுவருக்கு மேலாகப் பார்த்தேன். என்னைக் கண்டதும் தாளைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார். முகம் செக்கச் சிவந்துவிட்டது. தப்பு செய்யாதவன் எதற்கு மறைக்க வேண்டும்? மன்றத்தில் போய்ப் பார்த்ததைச் சொன்னேன். இந்தத் திட்டில் பிறந்த யாரும் செய்கிற காரியம்தான் இது.

அதற்கும் இந்தக் கொக்கிக்கும் சம்பந்தம் இருக்க முடியாது. நல்லது செய்தவளுக்கு எதற்கு முத்திரை?

ஐப்பசி 16

தமயந்தி சாப்பிடும்போது திடீரென்று கேட்டாள்.

"அம்மா, ஆவணில நீ எதுக்கு மன்றத்துக்குப் போன?"

"யார் சொன்னா?"

"துறையில டிக்கெட் கவுன்டர்ல உக்காந்திருக்கேன். யார் எந்தப் பக்கம் போறாங்கன்னு தெரியாதா?"

"சின்னம் குடுக்கப் போனேன்."

"மன்றத்துக்கு நீ சின்னம் தைக்கறதே இல்லையேம்மா."

"ஒரு தடவை கேட்டாங்க. சாப்பிடு."

அவள் பாதித் தட்டோடு எழுந்துவிட்டாள். இவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டார். யாரோ என் பெண்ணின் காதில் ஓதுகிறார்கள். கவுன்டருக்கு யார் யார் வந்து நிற்கிறார்கள் என்று நாளைக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

ஐப்பசி 17

போய்ப் பார்த்தேன். என்னைக் கண்டதும் வரிசையே கலைந்துவிட்டது. தமயந்தி என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

ஐப்பசி 20

வந்தார்கள். கதவருகே வந்ததும் மாப்பிள்ளையின் அம்மா பாக்கியத்தின் கால் ஒரு நிமிஷம் நின்றது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முத்திரையைப் பார்த்தாள், தன் புருஷனைப் பார்த்தாள், பிறகு முகம் முழுக்கச் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அவர்கள் தெரு வேறு என்றாலும், படகில் வருகிறவர்களுக்கு விஷயம் தெரியாமலா இருக்கும்?

தமயந்தியை ஒரு கேள்வி கேட்கவில்லை. சமைப்பாளா, பாடுவாளா, கவுன்டர் வேலையை விடுவாளா, ஒன்றும் இல்லை. "தங்கமான பொண்ணு" என்றார்கள். கேசரியில் நான் பதற்றத்தில் சர்க்கரை போட மறந்திருந்தேன். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் அரித்தது. என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று வாயைக் கொடுத்தேன்.

"கல்யாணம் எங்க வாசல்லதான் நடக்கணும்."

"அதுக்கென்ன சம்பந்தி, உங்க இஷ்டம்."

"கல்யாணத்துக்கப்புறம் ஆறு மாசம் மாப்பிள்ளை இங்கதான் இருக்கணும்."

"இருக்கட்டும். அவன் எங்க இருந்தா என்ன?"

மாப்பிள்ளை கதிரேசனுக்கு நல்ல அடர்த்தியான மீசை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"மீசை எனக்குப் பிடிக்கல. எடுத்துடச் சொல்லுங்க."

இவர் எச்சில் விழுங்கியது எனக்குக் கேட்டது. பாக்கியம் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "எடுத்துடுவான். எடுத்துடுவதானேடா?" என்றாள். அந்தப் பையன் மீசையை ஒரு விரலால் தடவிக்கொண்டு தலையாட்டினான். சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை.

தை மாதம் கல்யாணம் என்று முடிவாகிவிட்டது. நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. தூக்கம்தான் வரவில்லை.

ஐப்பசி 23

தமயந்தி வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றாமலே என் முன்னால் நின்றாள். நான் குடச் சின்னம் தைத்துக்கொண்டிருந்தேன்.

"கதிரேசன் கவுன்டருக்கு வந்தார். மீசையை எடுத்துட்டு."

"நல்லதாப் போச்சு."

"அழுதார்ம்மா. எனக்கு முன்னாடி நின்னு, டிக்கெட் வாங்கற மாதிரி குனிஞ்சுக்கிட்டு அழுதார். அவர் என்ன சொன்னார் தெரியுமா? 'உங்க வீட்டை வேண்டாம்னு சொல்ல எங்க வீட்ல யாருக்கும் தைரியமில்ல. நீங்களே வேண்டாம்னு சொல்லிடுங்க, உங்க காலப் பிடிச்சுக்கறேன்'னு சொன்னார்."

"எதுக்கு? நமக்கு என்ன கொம்பா முளைச்சிருக்கு?"

"கொக்கி முளைச்சிருக்கு." அவள் குரல் உயரவே இல்லை. "அதுக்குப் பொருள் என்னன்னு அவர்கிட்ட கேட்டு வாங்கிட்டேன். இந்த வீடு மன்றத்தோட காதும்மா. கொக்கி காது, புள்ளி அதுல விழற சொல்லு. இந்த வீட்டுக்காரங்க சொன்னா அது அப்படியே மன்றத்துல ஏறும், சாட்சி வேண்டாம், விசாரணை வேண்டாம். நாலு வருஷமா யாருக்கும் குடுக்காத முத்திரையாம். மாசிலாமணி மாமாவைக் காட்டிக்குடுத்ததுக்கு உனக்குக் குடுத்த பரிசு."

எனக்கு ஊசி விரலில் ஏறிவிட்டது. அவள் அதைப் பார்த்தாள். துணி எடுத்துக் கொடுக்கவில்லை.

"காலம் பூரா அந்த வீட்ல எல்லாரும் என்னைப் பார்த்து நடுங்குவாங்க. நான் உப்பு அதிகம்னு சொன்னாக்கூட ஒருத்தர் உப்பளத்துக்குப் போவாங்க. அப்படி ஒரு கல்யாணத்தை எனக்குப் பண்ணி வைக்கறியா?"

ஐப்பசி 24

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். நேற்று ராத்திரி முதலில் வந்தது பெருமைதான். பதினெட்டு வருஷம் யார் யாருக்கோ சின்னம் தைத்தேன், எனக்கென்று ஒரு சின்னம் கிடைத்துவிட்டதே என்று நினைத்தேன். காலையில் பல் தேய்க்கும்போதும் அந்தப் பெருமை கொஞ்சம் மிச்சம் இருந்தது.

பிறகு வால் துண்டுக்குப் பதில் நடுத்துண்டை எடுத்து வைத்த மீன்காரி ஞாபகத்துக்கு வந்தாள். கெட்ட மீனைத் தள்ளிவிடுகிறாள் என்றல்லவா அன்றைக்கு மோந்து பார்த்தேன்.

13ஆம் தேதி எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். மாசிலாமணி தாளை மறைத்ததைப் பார்த்தேன். தாளில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. ஒரு கோடுகூடத் தெரியவில்லை. மன்றத்து எழுத்தர்தான், "எந்த முத்திரைம்மா வரைஞ்சார், இதுல தொட்டுக் காட்டுங்க" என்று நாற்பது முத்திரை போட்ட ஒரு அட்டையை நீட்டினார். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்ல நாக்கு வரவில்லை. எது கைக்குக் கிட்டே இருந்ததோ அதில் விரலை வைத்தேன்.

ஏன் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனியில் வந்த இடம் தட்டிப்போனதற்கு அஞ்சுகம்தான் காரணம் என்று நம்பினேன். அந்தப் பையனின் அத்தையோடு அவள் துறையில் நின்று பேசியதைக் கண்டேன், அவ்வளவுதான் என்னிடம் இருந்த ஆதாரம். அந்தப் பையன் தன்னோடு வேலை செய்கிற பெண்ணைக் கட்டிக்கொண்டான் என்று புரட்டாசியிலேயே எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். என் கதவில் வாய்க்கட்டு இல்லாமலே.

ஐப்பசி 25

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "மாசிலாமணி எங்கூடப் படிச்சவன்" என்றார். சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முப்பது வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

ஐப்பசி 26

மன்றத்துக்குப் போனேன். அதே எழுத்தர். எழுந்து நின்று கும்பிட்டார், காபி வரவழைத்தார். "சொல்லுங்கம்மா, இந்தத் தடவை யாரு?" என்று பேனாவைத் திறந்தார்.

சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள வந்தேன் என்றேன். பேனாவை மூடி வைத்தார்.

"அதுக்கு என்ன ஆகும்னு தெரியுமா? அந்த வீட்டு வாய்க்கட்டு உங்க கதவுக்கு வரும். மூணு வருஷம். அலுவலகச் சின்னம் ஒண்ணுகூடத் தைக்க முடியாது. உங்க பொண்ணைக் கேட்டு யாரும் வாசப்படி ஏற மாட்டாங்க."

"தெரியும்."

"தையில கல்யாணம் வெச்சிருக்கீங்களாமே. அது முடியட்டுமே. அப்புறம் வாங்க. உப்பளத்துல இருக்கறவர் எங்க ஓடிடப் போறார்?" ரொம்ப அன்பாகத்தான் சொன்னார்.

பொய் சொல்லக் கூடாது, எழுந்துவிட்டேன். தை வரைக்கும்தானே, இரண்டு மாதம்தானே என்று வாசல் வரை நடந்துவிட்டேன். வாசலில் சேவகன் எனக்காக ஓடிவந்து குடையை விரித்துப் பிடித்தான். மழையில் அவன் முழுக்க நனைந்துகொண்டு, என் முகத்தைப் பார்க்கப் பயந்து, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். தமயந்திக்கு மேலக்கரையில் எல்லாரும் இப்படித்தான் குடை பிடிப்பார்கள் என்று தோன்றியது. திரும்பி உள்ளே போனேன்.

அதே அட்டையைக் கொண்டு வந்தார்கள். சொல்லைத் திரும்ப எடுப்பவர் முத்திரை எதுவும் இல்லாத மூலையில் விரலை வைத்து, நான் பார்க்கவில்லை என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். சொன்னேன். மூன்றாவது தடவை எழுத்தர் என்னைப் பார்க்கவே இல்லை. காபியை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள்.

ஐப்பசி 28

கொக்கியைச் சுரண்டிவிட்டு வட்டமும் கோடும் அடித்துவிட்டுப் போனார்கள். தெருவில் எல்லா வீட்டுக்கும் சீட்டு போனது. பொருள் எனக்கும் தெரியும் என்பதுதான் ஒரே வித்தியாசம்.

மேலக்கரையிலிருந்து கல்யாணம் வேண்டாம் என்று தகவல் வந்தது. தமயந்தி அதைக் கேட்டு நீளமாக ஒரு மூச்சு விட்டாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ஏன் அழுதாள் என்று நான் போய்க் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

கிடங்கிலிருந்து ஆள் வந்து தைக்காத சட்டைகளை எல்லாம் வாரிக்கொண்டு போனான்.

கார்த்திகை 2

மீன்காரி என் பக்கம் திரும்பவே இல்லை. கேட்டதை எடுத்து இலையில் வைத்தாள். வால் துண்டு.

இவர் என்னோடு மறுபடி பேச ஆரம்பித்திருக்கிறார். "தண்ணி", "விளக்கு" என்று ஒற்றைச் சொல்லாக.

கார்த்திகை 5

மாசிலாமணி நேற்றுப் பகல் படகில் வந்து இறங்கினார். இவர்தான் கயிறு பிடித்தாராம். ஆள் பாதியாகிவிட்டாராம், நடக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்கிறாராம்.

இன்றைக்குக் காலையில் அஞ்சுகம் என் வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் முந்தானையைச் செருகியிருந்தாள். நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாமா என்று ஒரு நிமிஷம் பார்த்தேன். பிறகு வெளியே வந்தேன்.

"வாய்க்கட்டு வீட்டோட பேசக்கூடாதுன்னுதான் சட்டம். திட்டக்கூடாதுன்னு எங்கயும் எழுதல. மன்றத்துல கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன்" என்று ஆரம்பித்தாள். "என்னடி பார்த்த நீ? என் வீட்டுக்காரர் என்ன எழுதினார்னு தெரியுமாடி உனக்கு? மூலம்டி. உக்கார முடியாம ரத்தமாப் போகுதுன்னு அவர் தம்பிக்கு மருந்து கேட்டு எழுதினார். ஒரு பொம்பளை சுவத்துக்கு மேல எட்டிப் பார்த்தா எந்த ஆம்பளை அந்தக் கடுதாசிய விரிச்சுக் காட்டுவான்? மன்றத்துல அவர் வெக்கத்தை விட்டுச் சொன்னார். முத்திரை முதல்ல விழுந்துடுச்சு, உன் சொல்லு ஏறாதுன்னுட்டாங்க. அந்த உடம்போட மூணு மாசம் உப்பு அள்ளியிருக்கார்டி. உப்புத் தண்ணில உக்காந்து."

தெருவே ஜன்னலில் நின்றது. அவள் நிறுத்தவில்லை. என் பிறந்த வீட்டை இழுத்தாள், என் சமையலை இழுத்தாள், பதினெட்டு வருஷம் நான் தைத்த சின்னங்கள் ஒவ்வொன்றும் பிரிந்து போக வேண்டும் என்றாள். தன் வீட்டு வாசலில் மூன்று மாதம் ஒருத்தரும் நின்று பேசவில்லை என்றும், கத்திரிக்காய் என்ன விலை என்று கேட்டால்கூடப் பதில் இல்லை என்றும், அதில் முதல் ஆள் நான்தான் என்றும் சொன்னாள். எல்லாம் உண்மை. மன்னித்துவிடு என்று வாயெடுத்தேன். "பேசாத. உன் சொல்லு ஏறாது" என்றாள்.

ஒரு மாதமாக வீட்டுக்கு வெளியே என் முகத்தைப் பார்த்து யாரும் ஒரு உண்மையான வார்த்தை பேசவில்லை. பயத்தில் பேசாதவர்கள் முதலில், சட்டத்தில் பேசாதவர்கள் பிறகு. இவள்தான் பேசினாள். அழுகை வந்தது. அவளும் அழுதுகொண்டுதான் திட்டினாள்.

போகும்போது மூச்சு வாங்கிக்கொண்டு, "இன்னும் பாதிகூட முடியல. நாளைக்கும் வருவேன். மூணு வருஷம் இருக்கு" என்றாள்.

இதில் ஏதாவது உள்நோக்கம் இருக்குமோ என்று உட்கார்ந்து யோசித்தேன். இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். நாளைக்கு அவள் வருவதற்குள் சமையலை முடித்துவிட்டு வாசலுக்கு வந்துவிட வேண்டும்.